கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை

சீனாவின் குவாங்சோவில் வாடகை கட்ட இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. திருச்சி வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது. நான் உழைத்துச் சேர்த்த பணம். அதைத் தொட முடியவில்லை.

பழைய கைபேசி பழுதாகிவிட்டது. புதியதில் வங்கிச் செயலியைப் பதிவு செய்ய, இந்திய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். ரோமிங்கில் அது போகவே மறுக்கிறது. ஒன்பது முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் காசு மட்டும் கழிகிறது. சரி, அட்டையாவது இருக்கிறதே என்று பார்த்தால், வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

கிளையைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்றால், அங்கே காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது இங்கே பன்னிரண்டரை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அழைத்தேன். "நேரில் வந்து கையெழுத்துப் போடுங்கள் சார்" என்கிறார்கள். சீனாவில் இருக்கிறேன் என்று மூன்று முறை சொன்ன பிறகும் அதே பதில்!

இங்கே தெருவோரப் பழக்கடையில்கூட க்யூஆர் குறியீடுதான். இங்கே பணம் செலுத்தப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டு அட்டையை இணைக்க முடியும். 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதக் கட்டணம். அதைக்கூட மனமாரக் கொடுத்துவிடுவேன். ஆனால் அட்டையை இணைக்கவும் அந்த ஓடிபிதான் வேண்டும். திருட்டைத் தடுக்கும் பூட்டு தேவைதான், மறுக்கவில்லை. வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்தினால் எப்படி? வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணொலியில் முகம் பார்த்து, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துத் திறந்துவிட ஒரு வழி வைக்கக் கூடாதா?

நாளை பன்னிரண்டரைக்கு மறுபடியும் அழைக்க வேண்டும்.