விலகியது ஆலயத்தை விட்டு அல்ல
வெளிநாட்டில் வேலை செய்யும் கிறிஸ்தவத் தம்பதியர் காலப்போக்கில் ஆலயத்தை விட்டு விலகிவிடுகின்றனர் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, கத்தாரில் கணவருடன் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே ஞாயிறு வேலை நாள் என்பதால், 2008ஆம் ஆண்டு தோஹாவின் மெசைமீர் பகுதியில் திறக்கப்பட்ட செபமாலை மாதா ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் சென்றோம். எங்கள் நிறுவனங்கள் தனித்தனி விடுதிகளையே தந்திருந்தமையால், வாரத்தில் நாங்கள் இருவரும் அருகருகே அமர்ந்திருந்த ஒரே நேரமும் அந்தத் திருப்பலிதான். எங்களை வாட்டியது விசுவாசக் குறைவன்று, பிரிவு. மட்டக்களப்பின் புளியந்தீவில் அம்மம்மாவிடம் விட்டுவந்த மகள் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருப்பலிக்குப் புறப்படும்போது எங்களுக்கு அதிகாலை நாலரை. வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்துக்குக் காத்து நின்றபடியே அவளுடன் பேசுவேன். செப்டெம்பரில் வரும் எங்கள் மாவட்டத்து ஆயித்தியமலை மாதா ஆலயத் திருவிழாவுக்கு ஒரு தடவையேனும் இருவருக்கும் சேர்ந்து விடுமுறை கிடைக்கவில்லை என்று என் கணவர் இன்றும் வருந்துகிறார்.