கூரை வேண்டாம்

"உன் அரண்மனைக்குக் கூரை போட்டாயிற்றா?" தொலைபேசியில் பேசும்போதெல்லாம் மச்சான் இதைக் கேட்காமல் விடுவதில்லை. 2017-இல் 50 யூரோ கட்டி, பிரான்ஸில் கூரையின்றி இடிந்து நிற்கும் லா மோத்-ஷாந்தெனியே மாளிகைக்கு நானும் ஒரு பங்குதாரன் ஆன நாளிலிருந்து இந்தக் கிண்டல் தொடர்கிறது. என்னோடு இன்னும் 18,000 பேருக்கு மேல் அதற்கு உரிமையாளர்கள். பங்கு பிரித்தால் எனக்கு ஒரு செங்கல் தேறுமா என்பதே சந்தேகம். அதுவும் செங்கல் இல்லை, சுண்ணாம்புக்கல்.

கிண்டலை விடுங்கள். கூரை போடவே கூடாது என்பதுதான் என் கட்சி.

லே த்ருவா-முத்தியே என்ற சிற்றூரின் அருகே, நீர் நிறைந்த அகழியின் நடுவில் நிற்கிறது அந்த மாளிகை. வேர் 13-ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் கோபுரங்களோ பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பணக்காரக் குடும்பம் ஒன்று ஆசை ஆசையாய் எழுப்பியவை. 1932 மார்ச்சில் தீப்பிடித்தது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்போதுதான் பொருத்திய வெப்பமூட்டும் அமைப்பே காரணம் என்கிறார்கள். நூலகம், திரைச்சீலைச் சித்திரங்கள், அறைகலன்கள் எல்லாம் போயின. அதன் பிறகு அங்கே குடியேறியவை மரங்கள்தாம். வரவேற்பறை இருந்த இடத்தில் வேர்விட்டு, மாடிகளைக் கடந்து, கூரை இருந்த உயரத்தில் தலையை நீட்டுகின்றன. ஜன்னலில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இலைகள்.

இந்த இடிபாட்டை வாங்க 2017-இல் தர்தாஞான் என்ற நிதி திரட்டும் தளம் 5 இலட்சம் யூரோ கேட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 16 இலட்சம் வந்து குவிந்தது. எல்லாரும் மயங்கியது அந்த மரத்தைப் பார்த்துத்தானே? மரத்தை வெட்டிக் கூரை போட்டு, பழைய பாணியில் நாற்காலி வாங்கிப் போட்டு, கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதி வைத்தால், அப்படிப்பட்ட மாளிகைகளுக்குப் பிரான்ஸில் என்ன பஞ்சமா?

பியர்ஃபோன் கோட்டையைப் பாருங்கள். 1617-இல் இடிக்கப்பட்ட கோட்டை அது. 19-ஆம் நூற்றாண்டில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் முதலில் ஒரு பகுதியை மட்டும் குடியிருக்கத் தகுந்ததாக்கி, மற்றதை இடிபாடாகவே விடத்தான் நினைத்தார். ஆசை வளர்ந்தது. கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 1857-இல் தொடங்கிய வேலை முழுக்கோட்டையாக விரிந்தது. 1870-இல் பேரரசு கவிழ்ந்தது. 1879-இல் வியோலே-லெ-துக்கும் இறந்தார். உள்ளறைகள் பல அரைகுறையாகவே நின்றுவிட்டன. கம்பீரமான கோட்டைதான், நானும் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே தெரிவது இடைக்காலம் அன்று. இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு கண்ட கனவு.

இடிபாடாகவே விடுவது என்றால் சும்மா விடுவது என்று பொருள் அன்று. நம் ஊர்க் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கூரையில்லாச் சுவரின் தலை வழியாக மழைநீர் இறங்கும். குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். சுவரின் தலையை மூட வேண்டும், இணைப்புகளில் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, மென்மையான கல்தான் உதிரும். எந்த மரம் சுவரைத் தாங்குகிறது, எது நெட்டித் தள்ளுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முடிவில்லாத வேலை. புகைப்படத்தில் தெரியாத வேலை. ஆகவே இதற்குப் பணம் கேட்பதும் கடினம். டிக்கெட் காசு போக வேண்டிய இடம் இதுதான்.

பயணிகள் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கழிப்பறையும் காப்பிக்கடையும் அகழிக்கு வெளியே இருக்கட்டும். இரவில் வண்ண விளக்கு அடித்து இசை போடும் யோசனையோடு யாராவது வந்தால் மட்டும், என் 50 யூரோவின் முழு பலத்தோடும் எதிர்த்து வாக்களிப்பேன்.

மச்சான் வரும் கோடையில் பார்க்க வருகிறானாம். குடை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.