தயார் என்ற எண்ணம் தானாக வராது

"முழுதாகத் தயாரான பிறகே அடுத்த நிலைத் தேர்வுக்குப் போங்கள்" என்று மொழித் தேர்வு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) என்4 தேறிய பிறகு, இரண்டு வருடம் அதே புத்தகங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். என்3 என்றாலே பயம். 180க்கு 95 வாங்க வேண்டும், மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 19 வேண்டும், கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும்.

அந்தப் பயத்தைப் போக்கியது தமிழ்தான். ‘தபெதே மிரு’ என்றால் அப்படியே ‘சாப்பிட்டுப் பார்’. ‘ஷிதே ஓகு’ என்றால் ‘செய்து வை’. பார், வை என்பவை நம் மொழியில் செய்யும் அதே வேலையை அங்கேயும் செய்கின்றன! இதைக் கவனித்த அன்று ராத்திரியே என்3 புத்தகத்தைத் திறந்தேன்.

சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள்தான் படுத்தின. ஆசிரியரைக் குறிக்கும் ‘சென்செய்’யில் ‘செய்’ என்று வாசிக்கும் எழுத்தை, பிறந்தநாளைக் குறிக்கும் ‘தன்ஜோபி’யில் ‘ஜோ’ என்று வாசிக்க வேண்டும். தனி எழுத்தாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதினேன், தினம் பத்து சொல்.

டிசம்பரில் மொத்தம் 101 வந்தும் தேறவில்லை, கேட்டலில் 17தான். சரி, எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டதே. அப்புறம் ஏழு மாதம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜப்பானிய வானொலிதான். ஜூலையில் கேட்டலில் 34 வந்தது.

இப்போது என்2க்கு விண்ணப்பித்திருக்கிறேன். மாதிரித் தாளின் வாசிப்புப் பகுதியில் பாதிதான் புரிகிறது.