அரை நாளில் குயில்ட்டாம், யாரிடம் கதை விடுகிறீர்கள்?

"ஒரே மதியத்தில் குயில்ட்", "சனி ஞாயிறு குயில்ட்" என்று தலைப்பு வைத்து, துண்டுத் துணி இணைத்துப் போர்வை தைக்கும் வீடியோ போடுகிறவர்கள் யாராவது ஒருத்தர் குளிர்கால ஜூன் மாதத்தில் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா பக்கம் வந்து, சில்லென்று கிடக்கும் என் வீட்டு டைல்ஸ் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து ஊக்குக் குத்திக் காட்டட்டும். அப்புறம் பேசலாம் எது மதியம், எது சனி ஞாயிறு என்று.

அவர்கள் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து நம்பிவிடுகிறார்களே! "அண்ணி, ஜெல்லி ரோல் குயில்ட்தானே, அரை நாள் வேலையாமே, குளிர் வந்துடுச்சு, எனக்கு ஒண்ணு தச்சுக் குடுத்துடுங்களேன்" என்று தம்பி மனைவி வாட்ஸ்அப்பில் கேட்கிறாள். கூடவே வீடியோ லிங்க் வேறு. பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம் நான்.

அந்த வீடியோவில் பொய் எதுவும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஜெல்லி ரோல் என்றால் இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டிச் சுருட்டிய 40 துணிப் பட்டை, ஒவ்வொன்றும் 44 அங்குல நீளம். எல்லாவற்றையும் முனையோடு முனை தைத்தால், தையலுக்குப் போனது போக சுமார் 42 மீட்டருக்கு ஒரே நாடா. அதைப் பாதியாக மடித்து ஓரத்தை ஓட்டு, மடிப்பை வெட்டு, மறுபடி மடி, மறுபடி ஓட்டு. இப்படி ஐந்து தடவை செய்தால் 32 வரி சேர்ந்து 50 அங்குல அகலம், 64 அங்குல நீளத்தில் ஒரு விரிப்பு கையில் வந்துவிடும். கை பழகியவர்கள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 42 மீட்டர் நாடா முறுக்கிக்கொண்டு நாற்காலிக் காலையும் சுற்றி, வீட்டுப் பூனையையும் சுற்றிக் கிடப்பதை ஒரு வீடியோவிலும் காட்ட மாட்டார்கள். மெஷினுக்கு அடியில் இருக்கும் பாபின் நூல் தீர்ந்துபோனது தெரியாமல் ஊசி வெறுமனே குத்திக்கொண்டே போன அந்த மூன்று மீட்டரையும் காட்ட மாட்டார்கள்.

சரி, அதெல்லாம் போகட்டும். வந்தது என்ன? மேல்துணி! மேல்துணி மட்டும்! குயில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரம் கட்டினால்தான் அது குயில்ட். வீடியோவில் மேல்துணியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள், அடுத்த காட்சியில் முழு குயில்ட் சோபாவில் மடித்து வைத்திருக்கும். அச்சடித்த பேட்டர்ன் தாளிலும் இதே கதைதான். வெட்டுவதற்கு நாலு பக்கம் படம் போட்டுவிட்டு, கடைசி வரியில் "மூன்று அடுக்கையும் சேர்த்து, விருப்பம்போல் குயில்ட் செய்து, ஓரம் கட்டவும்" என்று முடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது. அரிசி வேகிற நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு, பிரியாணி 15 நிமிடச் சமையல் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முன்னால் நடக்கும் வேலையும் கணக்கில் கிடையாது. வெட்டிச் சுருட்டி விற்கும் அந்த ரோல் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் கை வராது. அதனால் ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவுக்குப் போய் நம் ஊர் ஷ்வேஷ்வே என்னும் அச்சிட்ட பருத்தித் துணி வாங்குகிறோம். அருமையான துணி, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அது 90 சென்டிமீட்டர் அகலம்தான், அதனால் 40 பட்டை போதாது, 50 வெட்ட வேண்டும். கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்திருக்கும், அலசினால் சுருங்கும், முதல் தடவை நீலச் சாயம் வேறு இறங்கும். ஆகவே முதலில் அலசு, காயப்போடு, இஸ்திரி போடு, அப்புறம் அங்குலத்தில் எழுதிய பேட்டர்னை மீட்டரில் வாங்கிய துணியோடு உட்கார்ந்து ஒத்துப் பார். (காயப்போடுவதில் மட்டும் ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலம் நல்லது. மழை கிடையாது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்.) துணி வெட்டும் சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டரைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு நாள் போய்விடுகிறது.

அந்தத் தரை விஷயத்துக்கு வருகிறேன். அடித்துணியை இழுத்து விரித்துத் தரையோடு டேப் ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி நீவி, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்த வேண்டும். 50க்கு 64 என்றால் 200 ஊக்கு கிட்ட வரும். 200! முட்டியும் முதுகும் விட்டுப்போகும், எழுந்திருக்க ஆள் கை கொடுக்க வேண்டும். இதில் ஊக்கைக் குத்தினால் போதாது, தைக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் வேண்டும்.

அப்புறம் குயில்ட்டிங். அலங்காரமே வேண்டாம், இரண்டு அங்குல இடைவெளியில் நேர்க்கோடு போதும் என்று வைத்தாலும் 32 கோடு, கோட்டுக்கு 50 அங்குலம். கூட்டிப் பாருங்கள், 40 மீட்டர். மேல்துணிக்கு ஓட்டிய அதே 40 மீட்டரை இன்னொரு தடவை ஓட்டுகிறோம். இந்தத் தடவை மெல்லிய பட்டையை இல்லை, வீட்டு மெஷினின் குட்டிக் கைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூன்று அடுக்குச் சுருளை. தோள்பட்டை கழன்றுவிடும். வேகமாகப் போனால் அடித்துணி மடிந்து தையலில் மாட்டிக்கொள்ளும், பிரிக்க உட்கார்ந்தால் அன்றைய சாயங்காலம் காலி. வீடியோக்காரர்கள் பலர் இதைத் தாங்களே செய்வதும் இல்லை, முழு குயில்ட்டையும் விரித்துத் தைக்கும் பெரிய லாங் ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே காத்திருக்கும் வாரங்கள் எந்தச் சனி ஞாயிறில் சேரும்?

ஓரம் கட்டுவது இன்னும் பாக்கி. சுற்றளவு 228 அங்குலம், ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் மெஷினில், மறுபக்கம் கையால் ஹெம்மிங். அதற்கு மட்டும் நாலைந்து மணி நேரம்.

2023இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இதற்கெல்லாம் கரண்ட்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் போகும், சில நாள் நாலு மணி நேரம், பாதிக் கோட்டில் மெஷின் நின்றுவிடும். இப்போது கரண்ட் இருக்கிறது. குயில்ட்டுக்கு அதே நேரம்தான் ஆகிறது.

அலசுவதிலிருந்து கடைசி நூலைக் கத்தரிப்பது வரை, "வேகமான" குயில்ட் ஒன்றுக்கு நியாயமாகச் சொன்னால் 25 மணி நேரம். வேலைக்கும் போய், வீட்டிலும் சமைக்கிறவளுக்கு அது ஒரு மாதம். தென்னாப்பிரிக்காவில் 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட். பெருக்கினால் 720 ரேண்ட், அதுவும் துணி, பஞ்சு, நூல் எதுவும் சேர்க்காமல். போன மாதம் ஒரு பெரியம்மா எல்லாம் சேர்த்து 500 தருகிறேன் என்றார், பெரிய மனசு பண்ணித் தருகிற முகத்தோடு.

இவ்வளவையும் தம்பி மனைவிக்கு வாய்ஸ் நோட்டில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அண்ணி, அப்போ மெதுவாவே பண்ணுங்க, ஆனா டபுள் பெட் சைஸ்ல பண்ணிடுங்க" என்கிறாள். 90க்கு 100 அங்குலம், பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அடுத்த குளிர்காலத்துக்கு என்றால் பெயர் எழுதிக்கொள்கிறேன், துணிக்காசு முன்பணம். இந்த ஆகஸ்டுக்குள் வேண்டுமென்றால் கடையில் நல்ல பிளாங்கெட்டாகப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.