பேரன் அந்தோனியின் பக்கம்

இத்தாலிய எழுத்தாளர் ஜொவான்னி வெர்காவின் 'இ மாலவோல்யா' நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஏழை மீனவக் குடும்பம் ஒன்றைக் கடல் சிதைத்தது, நேர்மையான தாத்தா எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார், சோம்பேறிப் பேரன் மிச்சத்தையும் அழித்துவிட்டான். இந்தச் சுருக்கத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. 1881இல் மிலானில் வெளிவந்த அந்த நாவலைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பேரன் பக்கம்தான் போய் நிற்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், கட்டானியாவுக்குச் சற்று வடக்கே, எட்னா எரிமலையின் அடியில் ஆச்சி திரெட்சா என்ற மீனவ ஊர் இருக்கிறது. கரைக்கு எதிரே கடலுக்குள் கரும்பாறைகள் கூம்பு கூம்பாக நிற்கும். ஒற்றைக்கண் அரக்கன் ஒடிசியஸின் கப்பலைக் குறிபார்த்து எறிந்த பாறைகள் என்று பழங்கதை. அந்த ஊரில் தொஸ்கானோ என்று ஒரு குடும்பம். ஊரார் வைத்த பட்டப்பெயர் மாலவோல்யா, அதாவது வேலைக்கு மனம் வணங்காதவர்கள். உண்மையில் நேர்மாறான உழைப்பாளிகள். முற்றத்தில் மெட்லர் என்ற பழமரம் நிற்கும் ஒரு வீடு, 'புரொவிதென்சா' என்று தேவ பராமரிப்பின் பெயர் வைத்த ஒரு படகு, இவ்வளவுதான் சொத்து. தாத்தா அந்தோனி, மகன் பாஸ்தியனாட்சோ, மருமகள் மருட்சா, பேரப்பிள்ளைகள் அந்தோனி, லூக்கா, மேனா, அலெஸ்ஸி, லியா. (மூலத்தில் தாத்தாவும் மூத்த பேரனும் 'ந்தோனி' என்று சிசிலியச் சுருக்கத்தில் வருவார்கள். நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் அந்தோனியேதான் அது என்பதால் அப்படியே எழுதுகிறேன்.)

1863 டிசம்பரில் மூத்த பேரனைக் கடற்படைக்கு அழைக்கிறார்கள். போர்போன் மன்னர்கள் காலத்தில் சிசிலியில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. 1860இல் அந்த மன்னர்களை விரட்டக் கரிபால்டி படையோடு வந்தார், 1861இல் இத்தாலி ஒரே நாடானது. அந்த மாற்றத்தில் ஆச்சி திரெட்சாவின் மீனவனுக்கு வந்து சேர்ந்தவை கட்டாயச் சேவையும் புதிய வரிகளும். தாத்தா ஊர்ப் பெரிய மனிதர்களைத் தேடி வீடு வீடாக நடக்கிறார். பங்குச் சாமியார் புரட்சிக்காரர்களைத் திட்டுகிறார். மருந்துக்கடைக்காரர் குடியரசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பையனை விடுவிக்க ஒருவராலும் முடியவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத திடகாத்திரமான பிள்ளை, அதுவே அவனுக்கு வினையாகிவிட்டது.

படகில் இரண்டு கைகள் குறைந்துபோயின. கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் மீன்பாடும் சரியில்லை. மேனாவுக்குச் சீதனம் வேறு சேர்க்க வேண்டும். இந்த நெருக்கடியில்தான் தாத்தா அதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறார். வட்டிக்காரர் குரோசிபிஸ்ஸோவிடம் 40 ஓன்சாவுக்கு லூப்பின் பயறு கடனாக வாங்கி, ரிபோஸ்தோ துறையில் விற்று லாபம் பார்க்க மகனைப் படகில் அனுப்புகிறார். ஓன்சா என்பது சிசிலியின் பழைய நாணயம். புதிய இத்தாலியின் கணக்கில் ஒன்றுக்கு 12.75 லிரா, ஆக மொத்தம் 510 லிரா. பயறோ கெட்டுப்போன பயறு. புயல் அடித்தது. பாஸ்தியனாட்சோவும் கூடப்போன கூலிப் பையனும் திரும்பி வரவேயில்லை. கடன் மட்டும் மிஞ்சியது.

"தெரிந்த தொழிலைச் செய், பணக்காரனாகாவிட்டாலும் பிழைத்துக்கொள்வாய்" என்று எப்போதும் பழமொழி சொல்லிக்கொண்டிருப்பவர் இந்தத் தாத்தா. அவரே மீன்பிடியை விட்டு வியாபாரத்தில் கால் வைத்தார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பேத்தியைக் கரையேற்ற வேண்டிய மனிதர், இருக்கும் நிலையிலிருந்து ஒரு படி மேலே ஏற ஆசைப்பட்டார். அந்த ஆசையில் பாவமில்லை. ஆனால் பல வருடம் கழித்துப் பேரன் அதே ஆசையை வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் அது ஏன் பேராசை ஆகிறது? தாத்தா செய்தால் குடும்பத்துக்காக, பேரன் செய்தால் திமிரா? இந்தக் கேள்வியை விமர்சகர்கள் எளிதாகக் கடந்து போய்விடுகிறார்கள்.

கடன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஊரில் கெட்ட பெயர் வேண்டாம் என்று குரோசிபிஸ்ஸோ அந்தக் கடனைத் தரகன் ஒருவனுக்கு விற்றுவிட்டதாக நாடகமாடுகிறார். நீதிமன்றத்திலிருந்து காகிதம் வருகிறது. குடும்பம் கட்டானியாவுக்குப் போய் வக்கீலைப் பார்க்கிறது. வக்கீல் சொல்வது தெளிவாக இருக்கிறது: மருட்சாவின் சீதன உரிமை வீட்டின் மேல் இருக்கிறது, ஒருவரும் கை வைக்க முடியாது, நீங்கள் எதையும் கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டு அவர்கள் நிம்மதியடைய வேண்டும். மாறாக, குழம்பிப்போகிறார்கள். பயறு வாங்கியது உண்மைதானே, வாங்கியதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது? கடைசியில் ஊராட்சிச் செயலாளரின் பேச்சைக் கேட்டு மருட்சா தன் சீதன உரிமையையே விட்டுக்கொடுக்கிறாள். சட்டம் காப்பாற்றத் தயாராக இருந்த வீட்டை நாணயம் இழக்க வைத்தது.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தாத்தாமேல் மரியாதையும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன. கெட்ட பயறைத் தலையில் கட்டிய வட்டிக்காரருக்கு நாணயம் இல்லை, தரகனுக்கு இல்லை, செயலாளருக்கும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கடமை அந்த ஊரில் ஏழைக்கு மட்டும்தான். வெர்கா இதை ஒரு வரியில்கூட இப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி அடுக்கிக்கொண்டே போகிறார், வயிறு எரிவது நமக்கு.

பேரன் அந்தோனி இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். தம்பி லூக்காவும் கடற்படைக்குப் போனான். 1866 ஜூலையில் ஆஸ்திரியாவுடன் நடந்த லிஸ்ஸா கடற்போரில் 'ரே தித்தாலியா' கப்பல் மூழ்கியது. கப்பலின் பெயருக்கு இத்தாலியின் அரசன் என்று பொருள். அதில்தான் லூக்கா இருந்தான். குடும்பத்துக்கு ஒருவரும் தகவல் சொல்லவில்லை. ஊருக்கு வந்த இரண்டு மாலுமிகள் பேசியதைக் கேட்டுத்தான் சந்தேகம் வருகிறது. கட்டானியாவில் துறைமுக அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னுமா உங்களுக்குத் தெரியாது என்று கேட்டபடி அதை மூடுகிறார். அந்தக் குமாஸ்தா கெட்டவர்கூட இல்லை. அரசாங்கம் அந்தத் தாயிடம் பேசிய ஒரே தடவை அது. அதன் பிறகு வீடு கைமாறுகிறது. பின்னால் காலராவில் மருட்சாவும் போய்விடுகிறாள்.

இத்தனைக்கும் நடுவே அந்தோனி வெளி உலகத்தைப் பார்த்தவன். நேப்பிள்ஸிலிருந்து அவன் எழுதும் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். பட்டுப் பாவாடை தெருவைக் கூட்டிக்கொண்டு போகும் பெண்கள், துறைமுகத்தில் புல்சினெல்லா கூத்து, இரண்டு சென்டெசிமோவுக்குக் கிடைக்கும் பீட்சா. பிறகு ஊரில் வேறு இரண்டு இளைஞர்கள் தூர தேசத்திலிருந்து பட்டுக் கைக்குட்டையோடு வந்து சாராயக்கடையில் காசை வாரி இறைப்பதையும் பார்க்கிறான். உழைத்து உழைத்து நாம் என்ன கண்டோம் என்று கேட்கிறான். நாம் வெறும் கழுதைச் சதை, வேலைக்கென்று பிறந்த சதை என்கிறான். இதற்குத் தாத்தாவிடம் பழமொழி இருக்கிறது, பதில் இல்லை. "கைவிரல்களைப் போல, பெருவிரல் பெருவிரல் வேலையைச் செய்ய வேண்டும், சுண்டுவிரல் சுண்டுவிரல் வேலையை" என்பார். அழகான பேச்சுதான். ஆனால் அந்தக் கையில் எந்த விரல் எது என்று தீர்மானித்தவர் யார் என்பதே பையனின் கேள்வி.

அம்மா இருக்கும்வரை அவள் கெஞ்சியதற்காக இருந்தான். அவள் செத்த பிறகு கிளம்பினான். காலில் செருப்புகூட இல்லாமல் திரும்பி வந்தான். ஊர் சிரித்தது. அதற்குள் ஆள்பலம் போதாமல் படகையும் விற்றுவிட்டார்கள், ஒரு காலத்தில் சொந்தப் படகில் போன தாத்தா அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். அந்தோனி குடிக்கிறான், கடத்தலில் இறங்குகிறான், சுங்கக் காவலர் தலைவர் தொன் மிக்கேலேயைக் கத்தியால் குத்துகிறான். ஐந்து வருடச் சிறை. அவன் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. குடித்துவிட்டுக் கிடந்த நாட்களில் தாத்தாவும் தம்பியும் பட்ட பாடு மன்னிக்க முடியாதது. ஆனால் அவனைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்: இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார்?

வெர்கா தன் குரலை முழுக்க எடுத்துவிட்டார். ஆசிரியர் கண்ணுக்கே தெரியக்கூடாது, படைப்பு தன்னைத்தானே உண்டாக்கிக்கொண்டது போல இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் எடுத்துக்கொண்ட கதைசொல்லி, ஊரின் வாய். கிணற்றடியும் சாராயக்கடையும் மருந்துக்கடைத் திண்ணையும் சேர்ந்து பேசும் வாய். பாஸ்தியனாட்சோ செத்ததும் அந்த வாய் பயறு நஷ்டமானதைப் பற்றிப் பேசுகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தங்கள் வியாபாரத்தைப் பேசுகிறார்கள். வட்டிக்காரரை அந்த வாய் பாவம் என்கிறது, ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் அவரிடம் கடன் வாங்கியவர்கள். அந்தோனிக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுப்பதும் அதே வாய்தான். நாம் அதை ஆசிரியரின் தீர்ப்பு என்று நம்பிவிடுகிறோம். கட்டானியாவின் வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்து, மிலானில் உட்கார்ந்து எழுதிய மனிதர் ஏழைகளுக்காகக் கண்ணீர் விடாமல், அவர்களைப் பற்றி ஊர் பேசும் ஈரமில்லாத பேச்சை அப்படியே கொடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல்! அன்றைய வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாவல் படுதோல்வி, முழுமையான தோல்வி என்று அவரே 1881 ஏப்ரலில் நண்பர் கபுவானாவுக்கு எழுதினார்.

வெர்காவைப் பழமைவாதி என்பவர்கள் காட்டும் ஆதாரம் எனக்குத் தெரியும். பாறையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் சிப்பியைப் போல ஏழை தன் இடத்திலேயே இருந்தால்தான் பிழைப்பான் என்று, நாவலுக்கு முன்பே எழுதிய 'பாந்தாஸ்திகெரியா' கதையில் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய அரசியல் அப்படித்தான் இருந்திருக்கலாம். ஆனால் நாவல் அதற்குக் கட்டுப்படவில்லை. பாறையை விடாதவர்கள் என்ன ஆனார்கள்? பாஸ்தியனாட்சோ அப்பா சொன்னதைத் தட்டாமல் படகேறிச் செத்தான். லூக்கா கீழ்ப்படிந்து போர்க்கப்பலில் செத்தான். மேனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வண்டிக்காரன் ஆல்பியோ மோஸ்காவும் அவளும் ஒருவரையொருவர் விரும்பியது ஊருக்கே தெரியும், அவன் ஏழை என்பதால் நடக்கவில்லை. 1948இல் லூக்கினோ விஸ்கோந்தி இந்த நாவலை அடியொற்றி ஆச்சி திரெட்சாவிலேயே, அந்த ஊர் மீனவர்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேசும் சிசிலிய மொழியிலேயே 'லா தெர்ரா திரேமா' என்ற திரைப்படத்தை எடுத்தார். அதில் அந்தோனி மொத்த வியாபாரிகளை எதிர்த்து நிற்பவன். விஸ்கோந்தி கதையை மாற்றிவிட்டார் என்பார்கள். நாவலில் விதையாக இருந்ததைத்தான் அவர் எடுத்துக்கொண்டார் என்பேன் நான்.

நீதிமன்றக் காட்சிதான் எனக்குத் தாங்க முடியாதது. அந்தோனியைக் காப்பாற்ற வக்கீல் ஒரு வாதத்தை எடுக்கிறார்: தொன் மிக்கேலேக்கும் தங்கை லியாவுக்கும் தொடர்பு இருந்தது, மானத்துக்காகத்தான் அண்ணன் குத்தினான். தண்டனை குறையலாம், குடும்பத்தின் பெயர் போய்விட்டது. தாத்தா அங்கேயே சரிந்து விழுகிறார். லியா வீட்டை விட்டு ஓடி, நகரத்தில் விலைமகளாகிறாள். கிழவர் கடைசியில் கட்டானியா ஆஸ்பத்திரியில், சொந்த வீட்டில் சாக வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமல் சாகிறார். அலெஸ்ஸி பாடுபட்டு வீட்டை மீட்கிறான், நுன்சியாத்தாவைக் கட்டிக்கொள்கிறான். இதை வெற்றி என்று சிலர் படிக்கிறார்கள். ஆனால் ஆல்பியோ திரும்பி வந்து மேனாவைக் கேட்கும்போது, லியா இப்படி ஆன பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்கிறாள் அவள். 26 வயதில், மீட்ட அதே வீட்டின் ஒரு மூலையில் தம்பி பிள்ளைகளை வளர்க்க ஒதுங்கிக்கொள்கிறாள். அவள் ஒரு தவறும் செய்யவில்லை.

சிறையிலிருந்து அந்தோனி ஒரு இரவு வருகிறான். சாப்பாடு போடுகிறார்கள். இருந்துவிடு என்கிறான் அலெஸ்ஸி. முடியாது என்கிறான் அந்தோனி. அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, இன்று எல்லாம் தெரிந்துவிட்டது, போக வேண்டியிருக்கிறது என்ற பொருளில் அவன் பேசும் வரி இந்த நாவலிலேயே அதிகம் வலிப்பது. அலெஸ்ஸிக்கு வீடு கிடைத்தது, தாத்தாவுக்கு அவருடைய பழமொழிகள் இருந்தன. என்ன நடந்தது என்று முழுக்கப் புரிந்துகொண்டவன் இவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் அங்கே இடமில்லை. அவனை ஊதாரி என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள்.

ஆங்கிலத்தில் 'தி ஹவுஸ் பை தி மெட்லர் ட்ரீ' என்ற பெயரில் கிடைக்கிறது. 1964இல் வந்த ரேமண்ட் ரோசென்தால் மொழிபெயர்ப்பைத் தேடிப் பாருங்கள். முதல் சில அத்தியாயங்களில் இத்தனை பெயர்களா என்று திணறும், ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பயப்படாமல் படித்துக்கொண்டே போங்கள், பயறுப் படகு கிளம்பும்போது எல்லோரையும் அடையாளம் தெரிந்துவிடும். பேரனை முதலில் குறை சொல்வது யாருடைய வாய், அந்த வாய்க்குச் சொந்தக்காரர் யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.