பண்டமாற்றிலிருந்துதான் பணம் பிறந்ததா?

"முதலில் பண்டமாற்று, அது சிரமமானதால் நாணயம், அப்புறம்தான் கடன்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இந்த வரிசை தவறு.

இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியாவில் முதல் நாணயங்கள் அச்சானது கி.மு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) கடன் கணக்கு களிமண் பலகையில் ஏறிவிட்டது: யார் யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எத்தனை ஷெக்கெல் வெள்ளி தர வேண்டும் என்று. ஷெக்கெல் அப்போது நாணயம் இல்லை, சுமார் 8 கிராம் எடை. பாபிலோன் மன்னர் ஹமுராபி காலத்தில் வெள்ளிக் கடனுக்கு 20 சதவீதம், தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி. கணக்கு வெள்ளியில் இருந்தாலும் தானியமாகவே அடைக்கலாம்.

சரி, பண்டமாற்று இருந்ததே இல்லையா? இருந்தது, பெரும்பாலும் அந்நியர்களுக்கு இடையில். ஆனால் அதை மட்டுமே நம்பி ஓடிய பொருளாதாரம் எங்குமே பதிவாகவில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985இலேயே எழுதிவிட்டார்.