கோபுரம் வலது கைப்பக்கம்

(மதுரை, புதுமண்டபத்துக்கு எதிரே. மாலை ஆறு மணி. தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் ராஜேந்திரன், வசந்தா. அவர் பிறந்து வளர்ந்தது மதுரை. அவள் கும்பகோணம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், கல்யாண நாள் பரிசாக, தெருத்தெருவாக நடந்து சாப்பிடும் ஒரு சுற்றுலாவுக்கு இருவர் பெயரையும் பதிவு செய்திருக்கிறான். மழையே இல்லாமல் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நிற்கிற இளைஞர்தான் கைடு.)

ராஜேந்திரன்: மதுரைக்காரனுக்கு மதுரையைச் சுற்றிக் காட்ட ஒரு ஆள்! அதற்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

வசந்தா: கட்டியது உங்க பிள்ளை. ரத்து செய்தால் பணம் திரும்பி வராதாம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதானே நீங்க பெட்டியையே அடுக்கினீங்க?

ராஜேந்திரன்: அதை விடு. அந்தப் பையனைப் பார், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. எங்கிட்டு என்ன கிடைக்கும் என்று எனக்கே சொல்லப்போகிறானாம்.

வசந்தா: திண்டுக்கல் தாண்டியதுமே 'அங்கிட்டு, இங்கிட்டு' வந்துவிட்டது. தாம்பரத்தில் இருக்கும்போது அதெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ.

ராஜேந்திரன்: ரத்தத்தில் ஓடும். சரி, இவன் பேசி முடிப்பதற்குள் புதுமண்டபத்தில் உனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிடலாம், வா. தூணுக்குத் தூண் தையல் மெஷின். நின்ற இடத்திலேயே தைத்துத் தருவார்கள்.

வசந்தா: கைடு இப்போதுதானே சொன்னார்? கடைகளை எல்லாம் காலி பண்ணி குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், இனிமேலாவது தூணில் இருக்கிற சிற்பம் கண்ணில் படட்டும் என்று.

ராஜேந்திரன்: என்னை ஒரு வார்த்தை கேட்காமலா?

(குடை நகர்கிறது. கூட்டமும் நகர்கிறது. விளக்குத்தூண் அருகே குடை நிற்கிறது.)

வசந்தா: ஏங்க, கவனித்தீங்களா? 1840களில் பிளாக்பர்ன் என்று ஒரு கலெக்டர் இருந்தாராம். ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்து விட்டாராம். வெளி வீதி எல்லாம் அப்போது வந்ததுதானாம். அவர் நினைவாக ஊர்க்காரர்கள் வைத்த தூணாம் இது.

ராஜேந்திரன்: தெரியும், தெரியும்.

வசந்தா: தெரியுமா? கல்யாணமான புதிதில் இதே இடத்தில் நின்று, 'திருமலை நாயக்கர் ராத்திரி படிப்பதற்காக வைத்த விளக்கு' என்று சொன்னீங்களே!

ராஜேந்திரன்: அப்போது நீ எதைச் சொன்னாலும் நம்பினாய். அது ஒரு காலம்.

வசந்தா: மாரட் வீதி என்றால் அந்தக் காலத்து சர்வேயர் பெயராம். பெருமாள் மேஸ்திரி வீதி, வேலையை நடத்திய மேஸ்திரி பெயராம். கோட்டையை இடித்த கூட்டமே தெருவாகிவிட்டது, பாருங்க.

ராஜேந்திரன்: வரலாறு இருக்கட்டும். வாய்க்கு எப்போது வரும்? இந்தக் கட்டணத்தை வசூல் பண்ணவேண்டும் என்றுதான் மத்தியானம் சாப்பாட்டையே விட்டேன்.

வசந்தா: இதோ வந்துவிட்டது, பருத்திப்பால். பிடியுங்க.

ராஜேந்திரன்: இது என்ன கப்பு? கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி!

வசந்தா: ருசி பார்க்கத்தான் கொடுப்பார்களாம். ஆறு இடம் இருக்காம். அடடா... சுக்கு தொண்டையில் இறங்குகிறது பாருங்க. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவும் வெல்லமும் போட்டுக் காய்ச்சுவதாம். நடுவில் தேங்காய்ப் பூ கடிபடுகிறது.

ராஜேந்திரன்: எனக்குக் கடிபடுவதற்குள் முடிந்துவிட்டது.

(திருமலை நாயக்கர் மகால் பக்கம் ஒரு சந்து. வாணலியில் பச்சைப் பசேல் என்று ஏதோ உப்பி மேலே வருகிறது. எடுத்துத் தட்டில் போட்டதும் அந்தம்மா அதன்மேல் காரப்பொடியைத் தூவுகிறார்.)

வசந்தா: இது என்னங்க, பூரி பச்சையாக இருக்கு?

ராஜேந்திரன்: அது... கீரை.

வசந்தா: என்ன கீரை?

ராஜேந்திரன்: பச்சைக் கீரை.

வசந்தா: முள்ளுமுருங்கையாம். இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் போடுவதாம். சௌராஷ்டிரக்காரர்கள் பக்குவமாம். நாயக்கர் காலத்தில் பட்டு நெய்ய வந்தவர்கள் இந்த மகாலைச் சுற்றித்தான் குடியிருந்தார்களாம். இத்தனை வருஷம் ஆனது, இப்படி ஒரு பூரி இருக்கிறது என்று நீங்க சொன்னதே இல்லையே!

ராஜேந்திரன்: எங்கள் அம்மா இதைச் சளிக்கு மருந்து என்று அடையாகத் தட்டி வாயில் திணிப்பாள். மருந்தை யாராவது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களா? ...ம். நல்லாத்தான் இருக்கு. இன்னொன்று கேள்.

வசந்தா: ஆளுக்கு ஒன்றுதானாம்.

ராஜேந்திரன்: காசு கொடுத்தே வாங்குகிறேன்! ஏம்மா, இங்கிட்டு நாலு போடுங்க! (நாலும் வந்து, நாலும் போன பிறகு, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி) தம்பி, முள்ளுமுருங்கையைச் சொன்னீங்க, அது சளிக்குக் கண்கண்ட மருந்து என்று சொல்லவே இல்லையே!

வசந்தா: குரலைத் தாழ்த்துங்க. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ராஜேந்திரன்: பார்க்கட்டும். அங்கே பார், இரண்டு பேர் நான் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்!

வசந்தா: அவர்கள் நம்ம கூட்டமே இல்லைங்க. சேலத்திலிருந்து கோயிலுக்கு வந்தவர்களாம். 'நல்லா விளக்கமாகச் சொல்கிறார், யார் இந்த சார்?' என்று என்னிடம் கேட்டார்கள்.

ராஜேந்திரன்: நீ என்ன சொன்னாய்?

வசந்தா: எதற்கும் இருக்கட்டும் என்று, 'இந்த ஊர்க்காரர்' என்றேன்.

(அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ராஜேந்திரன் சட்டைக் காலரைச் சரி செய்துகொள்கிறார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் பதவிக்கு வந்திருக்கிறார்கள்.)

ராஜேந்திரன்: வசந்தா, அடுத்தது கறி தோசை. இந்தப் பையன் எட்டுப் பேருக்கு இரண்டு தோசையை வாங்கிக் கத்தரித்துக் கொடுப்பான். ஆளுக்கு முழுத் தோசை போடுகிற இடம் எனக்குத் தெரியும். தங்கம் தியேட்டர் பக்கத்தில்.

வசந்தா: கூட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்றாரே.

ராஜேந்திரன்: கூட்டம் நம்மோடு வருகிறது. பின்னால் பார்.

வசந்தா: ஐயோ, சேலத்துக்காரர்களைக் கூப்பிட்டீங்களா?

ராஜேந்திரன்: கூப்பிடவில்லை. வருகிறார்கள். மதுரையில் வழி ரொம்பச் சுலபம், சொல்லிவை அவர்களிடம். நடுவில் மீனாட்சி. சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. கோபுரத்தை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கு மாசி வீதியில் நடந்தால் போதும். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்விடுவேன்.

(தெற்கு மாசி வீதி. ஜவுளிக்கடை வெளிச்சம். ஒரு ஆட்டோ, இரண்டு மாடு, ஒரு கல்யாண ஊர்வலம். நால்வரும் நடக்கிறார்கள்.)

வசந்தா: சேலத்தம்மா கேட்கிறார், சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது என்று.

ராஜேந்திரன்: சித்திரை வீதி குறுகல். தேரைத் திருப்பினால் பிரேக் பிடிக்காது.

வசந்தா: முதலில் அது மாசி மாதத்துத் திருவிழாவாம். நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினாராம். மாதம் மாறியும் தேர் பழைய வீதியை விடவில்லையாம். நீங்க பூரி வாங்கிக்கொண்டிருந்தபோது கைடு சொன்னார்.

ராஜேந்திரன்: நான் சொன்னதுதான் சுருக்கமாக இருக்கு.

(மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. ராஜேந்திரன் நின்று, அண்ணாந்து, மறுபடி அண்ணாந்து பார்க்கிறார்.)

வசந்தா: எங்கேங்க தியேட்டர்?

ராஜேந்திரன்: இங்கிட்டுத்தான். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயர் வாங்கியது. அதை எப்படி ஒளித்துவைக்க முடியும்?

வசந்தா: அது ஜவுளிக்கடை ஆகிவிட்டதாம். அந்தப் பூக்காரம்மா சிரிக்கிறார். இடித்துக் கட்டி வருஷக்கணக்காகிறதாம்.

ராஜேந்திரன்: சரி, தியேட்டர்தானே போனது. கறி தோசைக் கடை?

வசந்தா: அந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். சேலத்துக்காரர் ஒன்று வாங்கிவிட்டார். 'சார் காட்டிய கடை' என்று பேரம்கூடப் பேசவில்லை.

ராஜேந்திரன்: (தளர்ந்த குரலில்) மணி என்ன?

வசந்தா: ஏழே முக்கால். கைடு நம்மைத் தேடி ஒரு வீடியோ அனுப்பியிருக்கார். பாருங்க... மாவைத் தடியாக ஊற்றி, மேலே முட்டையை அடித்துத் தேய்த்து, அதன்மேல் வெந்த கொத்துக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு மாஸ்டர் கரண்டியால் அமுக்குகிறார். ஓரத்தில் எண்ணெய் நுரைக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

ராஜேந்திரன்: நிறுத்து அதை.

வசந்தா: ஆளுக்கு முழுத் தோசையாம்.

ராஜேந்திரன்: நிறுத்து என்றேனே!

வசந்தா: கடைசி இடம் விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டாவாம். எட்டரைக்குள் வந்தால் சேர்ந்துகொள்ளலாமாம். வந்த வழியே திரும்பிப் போகலாமா?

ராஜேந்திரன்: வந்த வழியே திரும்புவது வெளியூர்க்காரன் வேலை. கோபுரம் எந்தப் பக்கம்? வலது பக்கம். விடாமல் நட.

(மேல மாசி வீதி. கோபுரம் வலப்பக்கம். வடக்கு மாசி வீதி. கோபுரம் வலப்பக்கம். ராஜேந்திரன் முகத்தில் வியர்வை. சேலத்தம்மா மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி வருகிறார்.)

வசந்தா: ஏங்க, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீங்களே?

ராஜேந்திரன்: சொல்.

வசந்தா: கோயில் எப்போதும் வலது கைப்பக்கமே இருக்கிற மாதிரி நடந்தால் அதற்குப் பெயர் பிரதட்சிணம். நாம் தேர் போகிற வழியில் நாலு மாசி வீதியையும் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

ராஜேந்திரன்: ...

வசந்தா: சேலத்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். இவ்வளவு நாள் மதுரைக்கு வந்துபோகிறோம், மாசி வீதி பிரதட்சிணம் ஒரு கைடும் கூட்டிப்போனது இல்லையாம்.

ராஜேந்திரன்: (நிமிர்ந்து) அதற்காகத்தான் கூட்டிவந்தேன் என்று சொல்.

(கீழ மாசி வீதி வழியாக மறுபடி விளக்குத்தூண். மஞ்சள் குடை. நீளக் கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக நிற்கின்றன. அடியில் ஊறி உப்பிய பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய குளிர்ந்த பால், உச்சியில் பாசந்தி ஐஸ்கிரீம். நியாயமாக இதை யாரும் விளக்கக்கூடாது, குடிக்கவேண்டும்.)

வசந்தா: ஐஸ்கிரீம் உங்களுக்கு வேண்டாம். சுகர்.

ராஜேந்திரன்: ஊரையே சுற்றி வந்திருக்கிறேன், எரிந்து போயிருக்கும். கொடு.

வசந்தா: கைடு தலை எண்ணுகிறார். இரண்டு தலை கூடுதலாக வருகிறதாம்.

ராஜேந்திரன்: அவர்கள் நம்ம விருந்தாளி. அந்த இரண்டு ஜிகர்தண்டாவுக்கு நான் கொடுத்துவிடுகிறேன். தம்பி, இங்கிட்டு இரண்டு! பெரிய தம்ளர்!

வசந்தா: நமக்கு ஒரு பொட்டலமும் வைத்திருக்கார். கறி தோசை, வாழையிலையில் சுற்றி. 'ஐயா வழக்கமாகப் போகிற கடைக்குப் போயிருப்பார், அது பூட்டி ரொம்ப நாளாச்சு, பசியோடுதான் திரும்புவார்' என்று எடுத்துவைத்தாராம்.

ராஜேந்திரன்: (வாயில் தோசையுடன்) பையன் பரவாயில்லை. தொழில் தெரிந்தவன்தான்.

வசந்தா: ஏங்க, சேலத்துக்காரர் மணிபர்ஸை எடுத்துவிட்டார். உங்களுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்கிறார்.

ராஜேந்திரன்: சேச்சே! காசா? ஊருக்காகச் செய்வது. வேண்டாம் என்று சொல்.

வசந்தா: சொல்லிவிட்டேன். அப்படியானால் நாளைக்கு அவர் மச்சினன் குடும்பமும் வருகிறதாம், பதினோரு பேர். காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க என்று கேட்கிறார்.

ராஜேந்திரன்: (தோசை தொண்டையில் நிற்கிறது) நீ... நீ என்ன சொன்னாய்?

வசந்தா: கைடு மாத்திரை போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டு, கால் வீக்கம் வடிந்து கிளம்ப ஒன்பது மணியாகும், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறேன்.